சவப்பெட்டிக்கு எத்தனை சொந்தக்காரர்கள்

2020 நவம்பர் 25 இரவு, டியேகோ மரடோனாவின் உடலைப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அர்ஜென்டினாவே அந்தப் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கப்போகிறது. அதற்கு முன்பே சவ அடக்க நிறுவனத்தில் வேலை பார்த்த மூன்று பேர் திறந்திருந்த பெட்டிக்கு அருகில் நின்று, கட்டைவிரலை உயர்த்திக்காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் கைபேசி கைபேசியாகப் பரவியது. மூவருக்கும் வேலை போயிற்று, கொலை மிரட்டலும் வந்தது. அந்தச் செயலைக் கண்டித்து எழுதிய ஏடுகளில் சில, முகத்தை மட்டும் மங்கலாக்கி அதே படத்தைக் கண்டனக் கட்டுரையின் தலையில் போட்டிருந்தன.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய கேள்வி அந்தப் படத்திலேயே இருக்கிறது. புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரர் செத்துப்போனால் அவருடைய உடல் யாருக்குச் சொந்தம்? குடும்பம், அரசு, ஆடிய கிளப், ரசிகர் கூட்டம் என்று நான்கு பேர் உரிமை கேட்டு வருவார்கள். ஊடகம் ஐந்தாவது ஆள். மற்ற நால்வரும் வெளிப்படையாகக் கேட்கிறார்கள். ஊடகம் மட்டும் தான் செய்தி சொல்ல வந்ததாகச் சொல்லிக்கொண்டே பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறது.

மரடோனாவின் சாவு ஒரே நாளில் நடந்ததல்ல. பல வருடங்களாக ஒத்திகை பார்க்கப்பட்டது. 2004 ஏப்ரலில் இதயக் கோளாறோடு அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, வாசலில் மெழுகுவத்தியோடும் மாதா படத்தோடும் ஜனங்கள் கூடினார்கள். கேமராக்களும் கூடின. 2018 உலகக் கோப்பையில் நைஜீரியாவுடனான ஆட்டத்தில், பார்வையாளர் மாடத்தில் அவர் தள்ளாடியதை உலகமே பார்த்தது. அன்றிரவே அவர் இறந்துவிட்டதாக ஒரு குரல்பதிவு கிளம்பியது. அதைக் கிளப்பியவரைக் காட்டிக்கொடுத்தால் 3 லட்சம் பெசோ தருவதாக அவருடைய வழக்கறிஞர் அறிவிக்க வேண்டியதாயிற்று. பெலேவுக்கும் இது நேர்ந்தது. 2014 மார்ச்சில் சிஎன்என் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி ஒன்று அவர் இறந்துவிட்டதாக ட்விட்டரில் அறிவித்துவிட்டுப் பிறகு நீக்கியது. பெலே அதற்குப் பிறகு எட்டு வருடங்களுக்கு மேல் இருந்தார்.

பெரிய செய்தி நிறுவனங்கள் புகழ்பெற்றவர்களின் இரங்கல் கட்டுரைகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்கின்றன. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. நிதானமாக எழுதப்பட்ட கட்டுரை அவசரத்தில் எழுதியதைவிட நல்லதாகவே இருக்கும். ஆனால் எழுதி வைத்த கட்டுரைக்கு ஒரு குணம் உண்டு: அது வெளியாகத் துடிக்கும்.

மரடோனா இறந்த செய்தியை முதலில் சொன்னது 'கிளாரின்' நாளிதழ். நவம்பர் 3-ஆம் தேதி மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே உறைந்திருந்த ரத்தத்தை அகற்ற அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. 11-ஆம் தேதி மருத்துவமனையை விட்டு வந்து, தீக்ரே பகுதியில் வாடகை வீடு ஒன்றில் தங்கியிருந்தார். வயது 60. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்து இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. அதிபர் அல்பெர்த்தோ ஃபெர்னாண்டஸ் மூன்று நாள் தேசியத் துக்கம் அறிவித்தார். 2010-இல் முன்னாள் அதிபர் நெஸ்தோர் கிர்ச்னரின் உடல் வைக்கப்பட்ட அதே அதிபர் மாளிகையான காசா ரோசாதாவில்தான் இந்த உடலும் வைக்கப்பட்டது.

26-ஆம் தேதி காலை 6 மணிக்குக் கதவு திறந்தது. தேசியக் கொடியும் 10-ஆம் எண் ஜெர்சியும் போர்த்திய பெட்டி. முன்னால் ஒரு தடுப்பு. நடந்துகொண்டே பார்க்க வேண்டும், நிற்கக் கூடாது. ஜனங்கள் சட்டையைக் கழற்றி எறிந்தார்கள், பூ எறிந்தார்கள். மாலை 4 மணிக்கு முடித்துக்கொள்ளக் குடும்பம் விரும்பியது. வரிசையோ மைல்கணக்கில் நின்றது. 7 மணி வரை நீட்டிப்பதாக அறிவித்தார்கள். அதற்குள் போலீஸார் வரிசையை வெட்டியதும் கைகலப்பு மூண்டது. ரப்பர் குண்டு, கண்ணீர்ப்புகை. வேலியேறிக் குதித்தவர்கள் மாளிகையின் உள்முற்றம் வரை வந்தார்கள். பெட்டியை வேறு அறைக்கு நகர்த்தினார்கள். பிறகு பார்வை நேரத்தையே முடித்துவிட்டார்கள். காலையிலிருந்து காத்துக் கிடந்த ஆயிரக்கணக்கானோர் பார்க்காமல் திரும்பினார்கள். அன்று மாலையே பெய்யா விஸ்தா மயானத்தில், தாய் தந்தையின் பக்கத்தில், சில பத்துப் பேர் மட்டும் நிற்க அடக்கம் நடந்தது.

மயானத்துக்குப் பெட்டி போய்ச் சேருமுன்பே சண்டை தொடங்கிவிட்டது. தேசிய அரசும் புவெனஸ் ஐரிஸ் மாநகர அரசும் வேறு வேறு கட்சிகள். ரப்பர் குண்டு யாருடைய உத்தரவு என்று இரண்டும் ஒன்றையொன்று காட்டின. தொலைக்காட்சிகள் திரையை இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் பெட்டியையும் மறுபக்கம் கலவரத்தையும் காட்டின. இதற்கிடையில் இன்னொரு முணுமுணுப்பும் இருந்தது. கொரோனா ஊரடங்கில் எட்டு மாதமாகப் பெற்ற தாய்க்குக்கூடக் கூட்டம் கூடி அடக்கம் செய்ய முடியாதிருந்த நாடு அது. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்ட அரசே லட்சக்கணக்கானோரை மாளிகைக்கு அழைத்ததே என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எந்த அமைச்சரிடமும் வரவில்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது: அன்று மாளிகை வாசலில் அழுதவர்களில் பலர், அந்த வருடம் தங்கள் வீட்டுச் சாவுக்கு அழ முடியாமல் அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்தே அழுதிருப்பார்கள்.

முகம் பார்த்துப் பேசியிராத ஒருவருக்காக மனிதர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள்? 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் தொலைக்காட்சியில் தோன்றுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையே உருவாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பார்ப்பவருக்கு அவர் சொந்தக்காரர்போல் ஆகிவிடுகிறார், அவருக்கோ இவர் யாரென்றே தெரியாது. சரியான கவனிப்புதான். ஆனால் நேப்பிள்ஸ் நகரத்து அழுகையை இது முழுக்க விளக்காது.

1984-இல் மரடோனா அங்கே போனபோது அது இத்தாலியின் பணக்கார வடக்கு இளக்காரமாகப் பேசும் தெற்கத்தி ஊர். லீக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 1987-இல் அவர் அதை வாங்கிக் கொடுத்தார், 1990-இல் மறுபடியும் கொடுத்தார். முதல் வெற்றியின்போது மயானச் சுவரில் யாரோ செத்துப்போனவர்களுக்கு ஒரு வரி எழுதி வைத்ததாக நேப்பிள்ஸ்காரர்கள் சொல்வார்கள்: நீங்கள் எதை இழந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஊருக்கு அவர் திரையில் வந்த நெருக்கக்காரர் அல்ல, கடன் கொடுத்த உறவுக்காரர். 2020 நவம்பரில் அந்த ஊரும் கொரோனாக் கட்டுப்பாட்டின் சிவப்பு மண்டலத்தில்தான் இருந்தது. ஆனாலும் சான் பாவ்லோ மைதானத்தின் வெளியே தீவட்டியோடு கூடினார்கள். மறுநாள் ரியேகா அணியுடன் ஆட்டம். அந்த ஊர் அணியான நாப்போலியின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் முதுகில் ஒரே பெயரும் 10 என்ற எண்ணும் தாங்கி வந்து நின்றார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி மைதானத்தின் பெயரே டியேகோ அர்மாந்தோ மரடோனா என்று மாறியது. ஒரு புனிதரின் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரை வைத்ததில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்து மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2012-இல் மரடோனா கண்ணூருக்கு வந்து போயிருந்தார். அவர் இறந்ததும் கேரள அரசு விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. புவெனஸ் ஐரிஸிலிருந்து உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஊர்களில் கட்டவுட்டுகளுக்கு மாலை விழுந்தது.

ஏடுகளின் தலைப்புகளுக்கு வருவோம். பிரான்ஸின் 'லெக்கிப்' முதல் பக்கத்தில் "கடவுள் இறந்துவிட்டார்" என்று மட்டும் போட்டது. இங்கிலாந்து ஏடுகளுக்கு 1986 ஜூன் 22-ஆம் தேதியின் கையை விட முடியவில்லை. இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், ஆஸ்டெகா மைதானத்தில் 51-ஆவது நிமிடத்தில் கையால் தட்டிய கோல், 55-ஆவது நிமிடத்தில் பாதி மைதானத்தைக் கடந்து போட்ட கோல். நான்கு நிமிட இடைவெளியில் ஒரு மனிதனின் இரண்டு முகமும் கிடைத்துவிட்ட பிறகு, இரங்கல் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அன்று கோல் காத்த பீட்டர் ஷில்டன், மரடோனாவிடம் மகத்துவம் இருந்தது, விளையாட்டு நேர்மை இல்லை, கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்று இறந்த அன்றே எழுதினார். அவரை நாகரிகம் தெரியாதவர் என்று பலர் ஏசினார்கள். நான் ஏசமாட்டேன். உள்ளுக்குள் கசப்பை வைத்துக்கொண்டு ஊருக்காகப் புகழ்மொழி அடுக்கிய எத்தனையோ இரங்கல்களைவிட அது யோக்கியமானது.

'தேவனும் சாத்தானும்' என்ற சூத்திரம் மரடோனாவோடு வந்ததல்ல. அதே நவம்பர் 25-இல், 15 வருடத்துக்கு முன், 59 வயதில் லண்டன் குரோம்வெல் மருத்துவமனையில் இறந்தார் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட். குடிதான் காரணம். 2002-இல் கல்லீரல் மாற்றியும் நிறுத்த முடியவில்லை. இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' வார ஏடு, மஞ்சள் பூத்த முகமும் உடலெங்கும் குழாய்களுமாக அவர் படுத்திருந்த படத்தை வெளியிட்டது. என்னைப்போல் சாகாதீர்கள் என்ற எச்சரிக்கையாக அதைப் போடச் சொன்னது அவரே என்றது ஏடு. இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்து எவனாவது குடியை விட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் அவர் குடித்துக் கெட்ட வருடங்கள் முழுக்க ஒவ்வொரு கோப்பையையும் படம் பிடித்து விற்ற அதே பத்திரிகைத் தெருவிலிருந்து இந்த எச்சரிக்கை வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. டிசம்பர் 3-ஆம் தேதி மழையில் பெல்ஃபாஸ்ட் சாலைகளில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் நின்றார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று முப்பது வருடம் ரத்தம் சிந்திய ஊர் அது. நாடாளுமன்றக் கட்டடமான ஸ்டார்மண்டில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. எந்தக் கட்சித் தலைவருக்கும் இரு தரப்பும் சேர்ந்து அப்படி நின்றிருக்காது.

கூட்டத்தின் அளவை வைத்து மட்டும் பார்த்தால் இவை எதுவும் புதிதல்ல. 1949 மே 4-ஆம் தேதி சுபெர்கா குன்றில் விமானம் மோதி டொரினோ அணியே அழிந்தபோது டூரின் தெருக்களில் சுமார் 5 லட்சம் பேர் வந்தார்கள். அன்று வானொலியும் நாளிதழும்தான். 1994-இல் தன் அணிக்கு எதிராகத் தானே கோல் அடித்துவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு லட்சத்துக்கு மேல் மெடயின் நகரில் திரண்டார்கள். அவர் கொல்லப்பட்ட மறுநாள் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் ஆலன் ஹேன்சன், தவறு செய்த வேறொரு தடுப்பாட்டக்காரரைச் சுட வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பிபிசி மன்னிப்புக் கேட்டது. 'சுட வேண்டும்', 'கொல்ல வேண்டும்' என்பது விளையாட்டு எழுத்தின் அன்றாட மொழி. ஒருவன் நிஜமாகவே சுடப்பட்ட பிறகுதான் அது காதில் விழுந்தது.

ஊடகத்தின் குற்றம் எப்போதும் அதிகமாகக் காட்டுவது மட்டுமல்ல, எப்படிக் காட்டுவது என்பதிலும் உயிர் இருக்கிறது. ஜெர்மனியின் கோல் காவலர் ராபர்ட் என்கே 2009 நவம்பர் 10-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாளே அவர் மனைவி பத்திரிகையாளர் முன் வந்து, கணவரின் மன அழுத்த நோயை வெளிப்படையாகச் சொன்னார். ஹனோவர் மைதானத்தின் நடு வட்டத்தில் பெட்டி வைக்கப்பட்டது. ஏறக்குறைய 40,000 பேர் வந்தார்கள், நேரலையில் நாடே பார்த்தது. மன அழுத்தத்தைப் பற்றி ஜெர்மன் கால்பந்து உலகம் பரவலாக வாய் திறந்தது அதற்குப் பிறகுதான். நல்ல விளைவு. ஆனால் அவர் இறந்த இடமும் விதமும் விலாவாரியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. அதன்பின் அதே வகைத் தற்கொலைகள் அந்நாட்டில் கூடியதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. தற்கொலைச் செய்தியில் விதத்தை விவரிக்காதே, தலைப்பில் பெரிதுபடுத்தாதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். நானும் இங்கே விவரிக்கவில்லை.

துக்கத்துக்கு ஒரு காவல்துறையும் உண்டு. எழவு வீட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, வந்தவன் அழுதானா என்று கணக்கு வைப்பது நம் ஊர்ப் பெரியவர்களின் வேலை. உலக அளவில் இன்று அதைச் செய்திச் சேனல்களும் சமூக ஊடகமும் எடுத்துக்கொண்டுவிட்டன.

மரடோனா இறந்த மூன்றாம் நாள் ஆஸ்திரேலியாவில் அர்ஜென்டினா ரக்பி அணிக்கும் நியூசிலாந்துக்கும் ஆட்டம். நியூசிலாந்து அணித் தலைவர் மரடோனா பெயரும் 10 என்ற எண்ணும் போட்ட கறுப்பு ஜெர்சியைத் தரையில் விரித்து மரியாதை செய்தார். சொந்த நாட்டு அணியோ கையில் ஒரு கறுப்புப் பட்டையோடு நின்றது. ஊர் கொதித்தது. கொதித்தவர்கள் அந்த வீரர்களின் பழைய ட்விட்டர் பதிவுகளைத் தோண்டினார்கள். அவற்றில் ஏழைகளையும் பிற இனத்தாரையும் இழிவு செய்த வரிகள் கிடைத்தன. அணித் தலைவர் பாப்லோ மத்தேரா பதவியைத் தற்காலிகமாக இழந்தார். அந்த வரிகள் கண்டிக்கத்தக்கவைதான். ஆனால் எட்டு ஒன்பது வருடங்களாக யார் கண்ணையும் உறுத்தாதவை, போதுமான அளவு துக்கப்படாததற்குத் தண்டனையாக வெளியே வந்தன.

மறுநாள் பார்சிலோனாவில் மெஸ்ஸி கோல் போட்டுவிட்டுத் தன் சட்டையைக் கழற்றினார். உள்ளே நியூவெல்ஸ் அணியின் பழைய 10-ஆம் எண் ஜெர்சி. மரடோனா 1993-இல் ஆடிய அணி, மெஸ்ஸி சிறுவனாக வளர்ந்த அணி. அவர் வானத்தைப் பார்த்து இரு கையும் உயர்த்தினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார், 600 யூரோ அபராதமும் வந்தது. விதிப்படி சரி.

இந்த எல்லாவற்றிலும் துணிச்சலான காரியம் என்று நான் நினைப்பது, ஸ்பெயினில் ஒரு சிறிய பெண்கள் அணி ஆட்டத்தில் நடந்தது. பவுலா தபேனா என்ற வீராங்கனை மௌன அஞ்சலியின்போது எழுந்து நிற்காமல், கேமராவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். மரடோனா இறந்த நவம்பர் 25, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சர்வதேச நாள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அன்று ஒரு நிமிட மௌனம் கிடைக்கவில்லை, ஆகவே இவருக்கும் நான் நிற்கவில்லை என்றார். அவருக்கும் கொலை மிரட்டல் வந்தது. ஒரு வருடம் கழித்து, 16 வயதில் மரடோனாவிடம் தனக்கு நேர்ந்ததைப் பற்றி ஒரு கியூபப் பெண் புவெனஸ் ஐரிஸிலேயே வந்து பேசினார். தபேனாவை ஏசிய ஏடுகளில் எத்தனை திரும்பிப் பார்த்தன? அர்ஜென்டினப் பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்தில்லை. பச்சைக் கைக்குட்டை கட்டிக்கொண்டு கருக்கலைப்பு உரிமைக்குப் போராடியவர்களில் சிலர் அவருக்காக அழவும் செய்தார்கள். மனித மனம் ஏட்டுத் தலைப்பைவிட அகலமானது.

பெலேயின் சாவு இதற்கு நேர் எதிர். 2022 டிசம்பர் 29, வயது 82, பெருங்குடல் புற்றுநோய். சான்டோஸ் நகரில் அவர் ஆடிய விலா பெல்மிரோ மைதானத்தில் 24 மணி நேரம் உடல் வைக்கப்பட்டது, 2,30,000 பேர் ஒழுங்காக நடந்து பார்த்தார்கள். ரப்பர் குண்டு இல்லை. ஊர்வலம் நூறு வயதுத் தாயார் இருந்த வீட்டு வாசல் வழியே சென்றது. சண்டை கிடைக்காத ஊடகம் வருகைப் பதிவேட்டை எடுத்தது. 2002-இல் உலகக் கோப்பை வென்றவர்கள் எங்கே, நெய்மார் ஏன் தகப்பனை மட்டும் அனுப்பினார், ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ பெட்டி இருந்த இடத்தில் ஏன் செல்ஃபி எடுத்தார்? 2025 ஜூலையில் கார் விபத்தில் சகோதரரோடு இறந்த போர்ச்சுகல் வீரர் டியோகோ ஜோட்டாவின் அடக்கத்துக்கு கிறிஸ்டியானோ ரொனால்டோ வராததும் அதே பதிவேட்டில் ஏறியது. கல்யாணமாகிப் பதினோரு நாளான மனைவி அழுதுகொண்டிருந்த ஊரில், கேள்வி வராதவரைப் பற்றியதாக இருந்தது.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். மரடோனா விஷயத்தில் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். 1986-இல் அந்த இரண்டு கோலையும் போட்டபோது உடுத்தியிருந்த ஜெர்சி 2022 மே மாதம் லண்டன் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. பிரேதப் பரிசோதனையில் எடுக்கப்பட்ட இதயம் உடலோடு புதைக்கப்படவில்லை என்று மருத்துவரும் பத்திரிகையாளருமான நெல்சன் காஸ்ட்ரோ எழுதினார்.

சிகிச்சையில் அலட்சியம் என்று மருத்துவக் குழுவினர் ஏழு பேர் மீது 2025 மார்ச் 11-இல் விசாரணை தொடங்கியது. முதல் நாளே அரசு வழக்கறிஞர், வயிறு உப்பிக் கிடந்த மரடோனாவின் உடல் படத்தை நீதிமன்றத்தில் உயர்த்திக் காட்டினார். உலகச் செய்தி நிறுவனங்கள் அதையும் அனுப்பின. 2020-இல் ஓர் உடல் படத்தை எடுத்ததற்காக மூன்று தொழிலாளிகளுக்கு வேலை போயிற்று. இந்தப் படத்துக்குச் சட்டத்தின் அனுமதி இருந்தது, ஒரு காரணமும் இருந்தது. ஆனால் திரையில் பார்த்தவனுக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு தெரிந்திருக்கும்?

பிறகு நடந்ததை ஒரு நாவலாசிரியர் எழுதினால் மிகை என்போம். வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான ஹூலியேத்தா மாகின்தாச், அந்த வழக்கைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றில் தானே நாயகியாகப் பங்கேற்றது வெளியே வந்தது. அனுமதியில்லாமல் நீதிமன்றத்துக்குள் கேமரா இயங்கியிருந்தது. தொடருக்கு வைத்திருந்த பெயர் 'தெய்வ நீதி'. 2025 மே 29-இல் அதுவரை நடந்த விசாரணை முழுவதும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சாட்சி சொன்ன மகள்கள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை வந்தது.

கேமரா இவ்வளவு பெருகாத காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். பிரேசிலுக்கு 1958-லும் 1962-லும் உலகக் கோப்பை வென்று தந்தவர்களில் முதன்மையானவர் காரிஞ்சா. 1980 கார்னிவல் ஊர்வலத்தில், நிலைகுத்திய கண்ணோடு அலங்கார வண்டியின் மேல் அவரை உட்கார வைத்துக் காட்டினார்கள். 1983 ஜனவரி 20-இல் 49 வயதில் குடியால் இறந்தார். மரக்கானா மைதானத்தில் உடலை வைத்தார்கள். அவர் ஆடிய பொடாஃபோகோ கிளப்பின் கொடி போர்த்தித் தீயணைப்பு வண்டியில் ஏற்றினார்கள். ரியோவின் பிரேசில் அவென்யூ நெடுகிலும் ஜனம் நின்று வழியனுப்பியது. ஊர் மயானத்தில் அவர் பெயரில் இரண்டு சமாதிகள் இருக்கின்றன. எலும்புகள் எதில் இருக்கின்றன, இருக்கின்றனவா என்றே 2017-இல் மயான நிர்வாகத்தால் சொல்ல முடியவில்லை.